எழுநூற்று இருபது குதிரைகளும் ஓர் எல் போர்டும்

துபாய்
20 ஜூலை 2025

அன்புள்ள சார்லஸ்,

என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். கார் பிரியர்கள் குழுவிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். உன் மெயில் முகவரி ஒன்றுதான் எனக்கு மிச்சம். ஒரு வகையில் இதுவும் நல்லதுதான். போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய். எழுத்து என்றால் கடைசி வரை படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் குழுவில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு இருந்தால் வாத்தியார் சிவப்பு மையில் திருத்து. மலையாண்டி அண்ணன் கெரானோ கார் வாங்கிவிட்டார் என்ற செய்தியோடுதான் அன்றைய வீடியோ கூட்டம் தொடங்கியது. நார்த்தாமலையில் கல் உடைக்கும் கிரஷர் வைத்துக்கொண்டு லாரிக்கு மேல் லாரியாக வாங்கிய மனிதர், இந்தத் தடவை எழுநூற்று இருபது குதிரைத்திறன் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, தார்ப்பாய் போட்டு லாரி ஷெட்டிலேயே நிறுத்தியிருக்கிறார். செப்டம்பரில் கோயம்புத்தூர் பக்கத்து ரேஸ் டிராக்கை ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள், அங்கே கொண்டுபோகப் போகிறேன் என்றார். அங்கே வருகிற எந்தக் காரும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று நீ சொன்னாய். திருச்சி பிரசாந்தின் பழைய குட்டிக் காரே வளைவுகளில் இதை முந்தும் என்று நான் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். நீ கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு நடத்துவது போல இயற்பியல் கணக்கைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தாய். எல்லோரும் உனக்குத் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக இங்கே ரேஸ் டிராக்கில் டயரோடு டயராகக் கிடக்கிறவன் நான், என் பேச்சை ஒருத்தரும் கேட்கவில்லையே என்று. நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்க, "ஸ்டியரிங்கயே தொடாதவன் காரப் பத்திப் பேசக் கூடாதுடா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாற்பது பேரில், நீ ஏன் ஓட்டுவதில்லை என்று தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தெரிந்த நானே சொன்னேன். வாய் தவறிவிட்டதடா. மன்னித்துக்கொள்.

ஆனாலும் கெரானோ தோற்கத்தான் போகிறது. கோபத்தில் இருக்கிறாய் என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது. அத்தனை பெரிய கார் தரையைத் தொடும் இடம் டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். குதிரை எழுநூறு இருக்கட்டும், ஊன்றுகிற குளம்பு நாலுதானே. பதில் போடு, திட்டியாவது போடு.

கோபிநாத்


ஆவூர்
27 ஜூலை 2025

கோபிநாத்துக்கு,

திருத்தச் சொன்னாய், திருத்துகிறேன். "வாய் தவறிவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். தவறவில்லை. எங்கே அடித்தால் நான் பேச்சை நிறுத்துவேன் என்று உனக்குத் தெரியும். அங்கே அடித்தாய், நானும் நிறுத்திவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லூரி இரண்டாம் வருஷம், திருச்சி பஸ் ஸ்டாண்டில் நீயும் நானும் கீரனூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முதல் தடவை வலிப்பு வந்தது அங்கேதான். கண் விழித்தபோது உன் மடியில் தலை இருந்தது, என் கைக்குள் ஒரு சாவிக்கொத்து இருந்தது. யாரோ ஓர் ஆட்டோக்காரர் திணித்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர் பின்னால் சொன்னார். எனக்கு அந்தச் சாவி மனதில் நின்றுவிட்டது. நம் கூடப் படித்தவன் ஒவ்வொருத்தனுக்கும் வண்டி ஓட்டச் சொல்லி யாராவது சாவி கொடுத்தார்கள். என் கைக்கு வண்டிச் சாவி வந்தது நான் நினைவில்லாமல் கிடந்தபோது மட்டும்தான்.

லைசென்ஸ் கிடையாது என்று தெரிந்த பிறகும் கார் பைத்தியம் போகவில்லை. என்ன செய்வது? குதிரைத்திறனைப் புத்தகத்தில் படிக்கலாம். வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவில் கார் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படிக்க முடியாது, அதை ஓட்டினவன் சொல்லித்தான் கேட்க வேண்டும். நான் குதிரைத்திறன் கட்சியில் சேர்ந்ததற்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. நீ என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் சபையில் பிடுங்கிக்கொண்டாய்.

மலையாண்டி அண்ணன் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். அவருக்கு என் உடம்பு விஷயம் தெரியாது. வாத்தியார் பயந்த சுபாவம், அதனால் ஓட்டுவதில்லை என்று எல்லோரையும் போல நினைத்துக்கொண்டிருக்கிறார். "அந்தப் பய சொன்னான்னு விட்டுட்டுப் போயிருவீங்களா சாரு? அது ரோடு இல்லைல்ல, லைசென்ஸெல்லாம் யாரு கேக்கப் போறா. எடுத்து நடத்துறது நம்ம ஆளுதான். என் வண்டிய நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க, அந்தப் பய வாய அடைங்க" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் பதினான்கு. குளம்பு நாலா நாற்பதா என்று நானே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

சார்லஸ்


துபாய்
28 ஜூலை 2025

சார்லஸ்,

வேண்டாம். உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் படித்தேன், கையில் இருந்த வீல் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திட்டியதுகூட காதில் ஏறவில்லை.

என் மேல் கோபம் என்றால் என்னை அடி. ஊருக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து நாலு பேர் பார்க்க அடி. எழுநூற்று இருபது குதிரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பழிவாங்காதே. நேர் சாலையில் அது எந்த வேகத்தில் போகும் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். அந்த வேகத்தில் உனக்கு ஒரு நிமிஷம், அரை நிமிஷம் நினைவு தப்பினால்? இதை என்னால் எழுதக்கூட முடியவில்லை.

உங்கள் வீட்டில் சந்தனமேரி அம்மாவுக்குத் தெரியுமா? நீ சொல்லாவிட்டால் நான் போன் போட்டுச் சொல்வேன். மலையாண்டி அண்ணனுக்கும் சொல்வேன். கெரானோ ஜெயித்தது என்று இப்போதே குழுவில் எழுதிவிடுகிறேன். எழுநூற்று இருபது பெரிது, டயர் என்ன பெரிய டயர், மாட்டு வண்டிச் சக்கரத்தை மாட்டினாலும் ஜெயிக்கும் என்று எழுதுகிறேன். போதுமா?

கோபி


ஆவூர்
10 ஆகஸ்ட் 2025

கோபி,

எழுதாதே. பொய்யாக ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. அதிலும் இந்த வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு உன் டயரைப் பற்றி அவ்வளவு லேசாகப் பேசவும் முடியாது.

வெள்ளிக்கிழமை மலையாண்டி அண்ணன் வண்டிக்குப் பூஜை போட்டார். அவர்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோவதே ஒரு திருவிழாவாக இருந்தது. வண்டியின் வயிறு தரையோடு கிடக்கிறது. வேகத்தடை வரும்போதெல்லாம் கிரஷர் ஆட்கள் இரண்டு பேர் முன்னால் ஓடிப்போய்ப் பலகை போட, வண்டி அதன் மேல் ஏறி இறங்கிற்று. பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்காரர் ஹாரன் அடித்து ஓய்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்.

பூசாரி மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். ஊரே சுற்றி நின்றது. அண்ணனுக்கு ஒரு உற்சாகம், கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டார் போல. முன் டயர் பழம் இரண்டும் ஒழுங்காக நசுங்கிற்று. பின் டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ஒரு பழம் நசுங்காமல் வழுக்கிப் பறந்து போய்ப் பூசாரியின் முழங்காலில் அடித்தது. அவர் வேட்டியை மடித்துக்கொண்டு, "சாமிக்கு வேகம் பிடிச்சிருக்கு போல" என்று சமாளித்தார். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. எழுநூற்று இருபது குதிரை சேர்ந்து ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்க முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அன்று முழுக்க என்னை ஓட்டி எடுத்திருப்பாய்.

சரி, சிரித்தது போதும். எனக்கு எட்டு வருஷமாக வலிப்பு வரவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. ஒரே ஒரு சுற்றுதான் ஓட்டப் போகிறேன். எட்டு வருஷம் வராதது அந்த ஒரு சுற்றில் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், ரொம்ப ரொம்பக் குறைவு. நீ அம்மாவிடமோ அண்ணனிடமோ சொன்னால், என்னைப் பற்றி நீ ஊருக்குச் சொன்னது இரண்டாவது தடவையாக இருக்கும். அதற்குப் பிறகு உனக்கு இந்த மெயில் முகவரியும் இருக்காது.

சார்லஸ்


துபாய்
17 ஆகஸ்ட் 2025

சார்லஸ்,

எலுமிச்சம்பழத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அறையில் இருந்த மலையாளத்துக்காரர் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். போன கடிதத்தில் மிரட்டியது பயத்தில். முடிவு உன்னுடையது. ஆனால் அதை எடுப்பதற்கு முன்னால், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் பத்து வருஷமாக இங்கே ரேஸ் டிராக்கில் வேலை பார்க்கிறேன். டயர் கழற்றுவேன், மாட்டுவேன், காற்று அளப்பேன், சூடு பார்ப்பேன். கார்களை ஷெட்டிலிருந்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துவேன். நடந்து போகிற வேகத்தில். அதோடு சரி. டிராக்கின் மேல் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று நான் ஓட்டியதில்லை. வேலையாட்களுக்கு அனுமதி இல்லை, காசு கட்டி ஓட்டுகிற நிலையிலும் நான் இல்லை. ஊருக்கு வந்தால் எல்லோரும் "எப்படிடா இருக்கும்?" என்று கேட்பீர்கள். வளைவிலிருந்து திரும்பி வருகிற டயரைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, நானே ஓட்டின மாதிரி சொல்வேன். நீயும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறாய். நீ புத்தகத்தில் படித்தாய், நான் ரப்பரில் படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த லட்சணத்தில்தான் உன்னைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னேன்.

சரி, ஓட்டவே கூடாதா என்று கேட்பாய். கீரனூரில் எனக்குக் கார் கற்றுக்கொடுத்த ராசாத்தி அக்காவை உனக்குத் தெரியும், பெண்களுக்கும் என்னை மாதிரி மண்டூகங்களுக்கும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் காரில் அவர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் இரண்டும் உண்டு. கற்றுக்கொள்கிறவன் என்ன கூத்தடித்தாலும் அவர் ஒரு மிதி மிதித்து நிறுத்திவிடுவார். என் காலத்தில் அவர் மிதித்த மிதியில் அந்தப் பிரேக் இன்னும் தேய்ந்திருக்கும். நேற்று போன் செய்து, செப்டம்பர் பதினான்காம் தேதி காரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். யாருக்கு, எதற்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. "என் வண்டி கரூரத் தாண்டுனதில்ல தம்பி" என்றார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்னால் திருச்சியில் உன் டாக்டரை ஒரு தடவை பார். அவர் இதுவும் கூடாது என்றால் கூடாது. இதை மட்டும் எனக்காகச் செய்.

கோபி


ஆவூர்
31 ஆகஸ்ட் 2025

கோபி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ ஓட்டியதில்லை என்பதை நம்பவே எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. விடுமுறையில் நீ சொன்ன கதையெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

ஆனால் மற்றது எனக்குப் பிடிக்கவில்லை. எழுநூற்று இருபது குதிரைக்கு ஆசைப்பட்டவனை எல் போர்டு காரில் உட்கார வைக்கப் பார்க்கிறாய். குழுவில் பாதிப் பேர் அங்கே வருகிறார்கள். அவர்கள் பார்க்க, ராசாத்தி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் நிற டிரைவிங் ஸ்கூல் காரில் நான் உருள வேண்டுமா? அதற்கு ஆவூரிலேயே இருந்துவிடலாம்.

டாக்டரைப் பார்த்தேன். அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரோட்டில் வேண்டாம், வேகமாக வேண்டாம், தனியாக வேண்டாம் என்றார். காலி மைதானத்தில், பக்கத்தில் பிரேக்கோடு ஆள் இருந்தால், மெதுவாகப் போவதானால், தூக்கமும் மாத்திரையும் தப்பாமல் இருந்தால், அதற்குத் தான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றார். கடைசியில், "சார், அப்படி எதுக்கு ஓட்டணும்?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சில்வர் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயது வாத்தியார். அம்மா காபியோடு கதவைத் திறந்துவிட்டார். காபியை வைத்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். ராத்திரி அந்தத் தட்டில்தான் எனக்குச் சோறு போட்டார்.

நான் கெரானோவைத்தான் ஓட்டப் போகிறேன். அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

சார்லஸ்


துபாய்
7 செப்டம்பர் 2025

சார்லஸ்,

அக்காவிடம் சொன்னேன். "வர்றேன்னு சொல்லியாச்சு தம்பி, புது டயரும் போட்டாச்சு. யாரும் ஏறலைன்னா நா மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க என்னால் முடியாது.

நீ எதில் ஏறுவாய் என்று இனி நான் பேசப் போவதில்லை. ஒன்றே ஒன்று. நீ கெரானோவில் ஏறி உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதில் உன்னை ஏற்றிவிட்டது நான். மிச்ச நாளெல்லாம் அதோடுதான் நான் இருக்க வேண்டும். எனக்குச் சண்டை போட உன்னைவிட்டால் ஆள் கிடையாது. நீ வேணும்டா.

அன்று எனக்கு வேலை. போன் கையில் இருக்காது. நீ எழுதுகிற வரைக்கும் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்.

கோபி


ஆவூர்
16 செப்டம்பர் 2025

மாப்ள,

உயிரோடுதான் இருக்கிறேன். முதலில் இதை எழுதிவிட்டேன். இனிமேல் பொறுமையாகப் படி.

கெரானோ நார்த்தாமலையிலிருந்து கீரனூர் வரைக்கும் பலகை பலகையாக வந்து, அங்கிருந்து லாரியில் ஏறிக்கொண்டது. குதிரை எழுநூற்று இருபதும் லாரி மேல் படுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வந்து சேர்ந்தன. காலையில் மலையாண்டி அண்ணன் ஓட்டினார். மாப்ள, அந்தச் சத்தம்! நேர் பாதையில் அது எங்களைக் கடந்து போனபோது என் நெஞ்சு எலும்பு அதிர்ந்தது. கூட்டத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் சுற்றில் அதன் நேரத்தை அன்று யாரும் தொடவில்லை. இதை நன்றாக இரண்டு தடவை படித்துக்கொள்.

இனி உன் பங்கு. மூன்றாவது சுற்றிலிருந்து வளைவுகளில் தடுமாற ஆரம்பித்தது. பிரேக் கருகுகிற வாடை நாங்கள் நின்ற இடம் வரைக்கும் வந்தது. பிரசாந்தின் குட்டிக் கார் சத்தமே இல்லாமல் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. பிறகு ஒரு கொண்டை ஊசி வளைவில் அண்ணன் பிரேக் மிதித்தார், வண்டி கேட்கவில்லை. நேராகப் புல்லுக்குள் போய்விட்டது. அங்கே எச்சரிக்கைக் கொடி பிடித்து நின்ற பெண் கொடியைப் போட்டுவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் பாய்ந்தாள். வண்டி அவள் நின்ற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கமெல்லாம் புல்லை அப்பிக்கொண்ட வண்டியோடு அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார்.

நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கிற வயசு. கொடியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றாள். நான் அத்தனை நாளும் போட்ட கணக்கு முழுவதும் என் உயிரைப் பற்றியது. எனக்கு வலிப்பு வர எவ்வளவு வாய்ப்பு, எனக்கு என்ன ஆகும். அந்த வளைவில் இன்னொருத்தர் நிற்பார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எட்டாம் வகுப்புப் பையன்கூடச் செய்யாத தப்பு.

மத்தியானம் வண்டி ஆறிய பிறகு அண்ணன் சாவியை நீட்டினார். "இப்ப நீங்க வாங்க சாரு" என்றார். குழுவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"வேணாம்ணே. எனக்கு வலிப்பு உண்டு. எட்டு வருஷமா வரல. இனிமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றேன்.

சொல்லிவிட்டேன், மாப்ள. பதினைந்து வருஷம் மூடி வைத்ததை நானே, எல்லோருக்கும் நடுவில் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிரசாந்த் என் தோளில் கை போட்டான். அண்ணன் சாவியை மடியில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார். "தெரியாம நானே உங்கள ஏத்தி விடப் பாத்தேனே சாரு" என்றார், கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ராசாத்தி அக்கா குரல் கேட்டது. காலை ஐந்து மணிக்கே கிளம்பி வந்து, இவ்வளவு நேரமும் ஒரு மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்திருக்கிறார். "அப்ப என் வண்டிக்கு வர்றீங்களா தம்பி?" என்றார்.

நான் அவரிடமும் விவரமாகச் சொன்னேன், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் யோசித்தது ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் மலையாண்டி அண்ணன் நடத்துகிறவர்களிடம் ஓடிவிட்டார். என்ன பேசினார், யார் காலில் விழுந்தார் என்று தெரியாது. மற்றக் கார்களையெல்லாம் நிறுத்திவிட்டு, டாக்டர் சொன்ன மாதிரியே ஒரு சுற்று மட்டும் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஹெல்மெட் போட வேண்டும் என்றார்கள். அக்கா தலையில் இருந்த கனகாம்பரத்தை எடுத்துக் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சாவியை நீட்டினார். நான் முழு நினைவோடு, இரண்டு காலில் நின்றுகொண்டு, கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது பெரிய அவமானம். வண்டி அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தேன், குலுங்கி அணைந்தது. மூன்றாம் தடவையும் அணைந்தது. எத்தனை ஆர்.பி.எம்.மில் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன் நான். கிளட்சை எந்த இடத்தில் விட வேண்டும் என்று தெரியவில்லை. அது எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. "படிச்சதெல்லாம் பின் சீட்ல வைங்க தம்பி. கால் சொல்றதக் கேளுங்க" என்றார் அக்கா. நாலாவது தடவை கால் சொன்னது. வண்டி நகர்ந்தது.

முதல் கியர், பிறகு இரண்டாவது. நேர் பாதையில் மூன்றாவதும் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு மைனா பறந்து வந்தது, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. வளைவில் திருப்பும்போது காரின் கனம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டயர் தரையைப் பிடித்துக்கொள்வது என் உள்ளங்கையில் தெரிந்தது. நீ இத்தனை வருஷம் தொண்டை கிழியச் சொன்னாயே, அது என் கைக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவில் அந்தப் பெண் எனக்காகக் கொடியை ஆட்டினாள். எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். "பாதையப் பாருங்க, அப்பறமா அழுவலாம்" என்றார் அக்கா.

அன்றைக்கு ஓடியதில் எங்கள் நேரம்தான் கடைசி. அதற்குத்தான் ரொம்ப நேரம் கை தட்டினார்கள். இறங்கியதும் அக்காவிடம் எத்தனை தடவை பிரேக் போட்டீர்கள் என்று கேட்டேன். "கால அது மேலதான் வச்சிருந்தேன் தம்பி. அமுக்கல" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஒரு அறை வைத்தார், பிறகு எந்த கியர் வரைக்கும் போட்டாய் என்று கேட்டார்.

உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். குழுவிலும் சேர்ந்துவிட்டேன். நம் விவாதத்துக்கு முடிவு இது: ஒரு சுற்று என்றால் குதிரைத்திறன், பத்து சுற்று என்றால் உன் டயர். இதற்கு மேல் நீ ஏதாவது பேச நினைத்தால், ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள். டிராக்கில் ஒரு சுற்றுகூட ஓட்டாதவன் டிராக்கைப் பற்றிப் பேசக் கூடாது.

சார்லஸ்


துபாய்
17 செப்டம்பர் 2025

மாப்ள,

டயர் அடுக்கி வைக்கிற இடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். அங்கே முகத்தை மறைக்க ஹெல்மெட் ஒன்றும் கிடையாது. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

நீ சொன்ன கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன். ஜனவரியில் லீவு கேட்டிருக்கிறேன். ராசாத்தி அக்காவிடம் சொல்லி வை, எல் போர்டைக் கழற்ற வேண்டாம் என்று. பின் சீட்டில் நீ உட்கார்ந்து வளைவு வளைவாகச் சொல்லிக்கொடு, நான் ஓட்டுகிறேன்.

கோபி